ஷூ டப்பா கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு கணினி கேள்வி நேரம் நடத்துகிறேன். கேள்வியைச் சீட்டில் எழுதிப் பழைய ஷூ டப்பாவில் போட வேண்டும். நான் எடுத்துப் படித்துப் பதில் சொல்வேன். ஆதம்பாக்கத்தில் ஆரம்பித்தது, இப்போது மடிப்பாக்கம், நங்கநல்லூர், திருவல்லிக்கேணியில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. 1998 முதல் கணினியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன். பாதிச் சம்பளத்தை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தொலைத்தவன். அவ்வளவுதான் தகுதி. இந்த முறை 27 சீட்டுகள். அவற்றில் எட்டு, ‘ஃபோன் ஸ்லோவாக இருக்கிறது’. வராதவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. 300க்கு மாறிவிடலாமா?
(ஐடி ஊழியர், நங்கநல்லூர்)

மாறாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். இதை இன்றைக்குப் பத்துத் தடவையாவது சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை ரௌட்டர் பக்கத்தில் கொண்டுபோய், கேபிளைச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். 90க்கு மேல் வந்தால் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. சிந்துவது உங்கள் வீட்டுக்குள்தான். அப்புறம் அதே சோதனையைப் படுக்கையறையில் வைஃபையில் செய்யுங்கள். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாமல் ‘முன்னைக்கு இப்ப பரவாயில்ல’ என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “டிவிக்குப் பின்னால, ஷோகேஸ் உள்ள சார். பக்கத்துல மீன் தொட்டி.” போதும். ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. 2.4 சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. அதிலும் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒரு பிளாக்கில் இருபது வீட்டு ரௌட்டர்களும் அந்த மூன்றில்தான் கத்திக்கொண்டிருக்கின்றன. நங்கநல்லூர்ப் பழைய வீட்டுச் செங்கல் சுவர், அதில் சாய்த்து வைத்த இரும்பு பீரோ, பீரோவில் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் முன்னால் தொட்டி நிறையத் தண்ணீர். அலை எப்படித்தான் வரும்? ஹாலின் நடுவாக, நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துவிட்டு மறுபடி அளங்கள். அப்படியும் போதவில்லையென்றால் படுக்கையறைக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி போடுங்கள். பிளக்கில் செருகும் மலிவு ரிபீட்டர் வேண்டாம். அது ஒரு கையால் வாங்கி அதே கையால் கொடுக்கும், வேகம் பாதியாகும்.

என் நண்பர் ஒருவர் 300க்குப் பணம் கட்டி ஒரு வருடம் 94தான் வாங்கிக்கொண்டிருந்தார். கம்பெனியைக் கூப்பிடும்போதெல்லாம் ‘ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்பது மட்டுமே பதில். போய்ப் பார்த்தால் ரௌட்டரின் துளையே 100க்கு மேல் தாங்காத பழைய வகை. அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: 300க்குக் கட்டியும் 94 என்ற எண் வந்தாலே எங்கோ ஒரு 100 அடைப்பு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபோன் ஸ்லோவாக இருக்கிறது.
(ஏழு பேர், பல ஊர்)

ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பத்து சதவீதத்துக்கும் கீழே என்றால் அதுதான் காரணம். வாட்ஸ்அப்பின் குட் மார்னிங் வீடியோக்களை அழியுங்கள். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று பெயர் வைத்த ஆப் எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். உங்கள் ஃபோனை மெதுவாக்குவதே அதுதான். ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். ஏழு பேருக்கும் இதுதான் பதில்.

2 டிபி பென் டிரைவ் 499 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைத்தது. கல்யாண வீடியோ எல்லாம் போட்டேன். இப்போது பாதி ஃபைல் திறக்கவில்லை.
(புகைப்படக்காரர், மேடவாக்கம்)

உள்ளே இருப்பது 32 ஜிபியாகவோ 64 ஆகவோ இருக்கும். சில்லின் கட்டுப்பாட்டு நிரலைத் திருத்தி ‘நான் 2 டிபி’ என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கணினி நம்பி எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் புதியது பழையதன் மேலேயே விழும், அல்லது காற்றில் போகும். பெயர்ப் பட்டியல் மட்டும் அழகாகத் தெரியும். மேலே விழுந்தது திரும்ப வராது, ஐயா. இன்னமும் அதில் எதையும் எழுதாமல் எடுத்து வையுங்கள். முதலில் போட்டவை தேறலாம்.

இனிமேல் எந்தப் பென் டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். (1 டிபி டிஸ்க் 931 என்று காட்டுகிறதே என்று இன்னொரு சீட்டு. அது மோசடி இல்லை. கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.)

கல்யாண வீடியோ என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். நான் ஒழுங்காக பேக்கப் எடுத்து வைத்தவன்தான். எங்கே வைத்திருந்தேன்? கணினி மேசையின் கீழ் டிராயரில். கணினியும் நனைந்தது, நகலும் நனைந்தது. என் மகளின் முதல் மூன்று வருடப் படங்களில் இன்றைக்கு இருப்பது, ஊரில் மாமியாருக்கு அனுப்பிய ஒரு சிடியில் இருந்த நாற்பது படம். நகல் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாரோ தெரியாமல் பணம் அனுப்பிவிட்டதாகவும், திரும்ப எடுத்துக்கொள்ள நான் பின் நம்பர் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.
(இல்லத்தரசி, மடிப்பாக்கம்)

யுபிஐயில் பின் போடுவது பணம் கொடுப்பதற்கு. வாங்குவதற்குப் பின் கிடையாது, க்யூஆர் ஸ்கேன் செய்வதும் கிடையாது. போனை வையுங்கள் அம்மா.

இன்டர்நெட் சாட்டிலைட்டில் இருந்துதானே வருகிறது?
(எட்டாம் வகுப்பு மாணவி)

பாப்பா, இன்றைக்கு வந்த சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வெளிநாட்டுக்குப் போகும் இணையம் பெரும்பாலும் கடலுக்கு அடியில் போகிறது. நடுக்கடலில் அந்தக் கேபிளின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் அளவுதான். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழைகள், அதில் ஒளி. நம் சென்னைக் கரையிலேயே பல கேபிள்கள் ஏறுகின்றன. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேராக ஒன்று போட்டார்கள். 2020இல் சென்னையில் இருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு ஒன்று போனது. அதுவரை அந்தமான்காரர்கள் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தார்கள்.

சாட்டிலைட் ஏன் போதவில்லை? நீயே கணக்குப் போட்டுப் பார். டிவி சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீ கேட்டது மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மேலே போய்க் கீழே இறங்க, மொத்தம் நாலு தடவை அந்தத் தூரம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். சிங்கப்பூர் நமக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அப்படியும் போய்வர 30 மில்லி நொடி போதும். ‘பிங்’ என்ற கட்டளையில் ஒரு சிங்கப்பூர் முகவரியைக் கொடுத்து அப்பாவின் லேப்டாப்பில் அளந்து பார். 30க்கு வெகு கீழே ஒரு எண் வந்தால், பதில் சொன்ன கணினி சிங்கப்பூரில் இல்லை, எங்கோ பக்கத்தில் இருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் கூட்டமாகச் சுற்றும் புது சாட்டிலைட்டுகள் வேறு கதை. அவற்றில் இந்தத் தாமதம் இல்லை. அடுத்த மாதம் வா, அதைப் பேசலாம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதுக் கணினி வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.
(ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், ஆலந்தூர்)

கடைக்காரர் விற்க உட்கார்ந்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு நின்றது உண்மை. அன்றைக்கே கணினி செத்துவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டுக் கணினியைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அந்தத் திருத்தங்கள் வரும். அதற்குள் நிதானமாக முடிவெடுக்கலாம்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் பையன்களிடம் வங்கி வேலை பார்க்கும் கணினியைக் கொடுக்காதீர்கள். உங்கள் வேலை மெயில், பேப்பர் படிப்பது, யூடியூபில் கச்சேரி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச அமைப்பைப் போட்டு, எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இல்லையென்றால் அதையும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். வந்தால் நானே போட்டுத் தருகிறேன். ஆனால் படங்களை முதலில் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். மேசை டிராயரில் இல்லை.

பி.காம் சேர்ந்திருக்கிறேன். எந்த லேப்டாப்?

16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி. ‘ஐ7’ ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதே தம்பி, எந்தத் தலைமுறை என்று கேள். பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மாதம் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

பதினைந்து வருடத்துப் பழைய தமிழ் ஃபைல்கள். புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
(டிடிபி நடத்தும் அம்மா, திருவல்லிக்கேணி)

பாமினி எழுத்துருதான். வேறென்ன! ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன்னால் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தார்கள். பாமினியில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ இருக்கும். உங்கள் ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு என்ற வேஷம் கலைந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. எழுத்துருவை நிறுவினால் மறுபடி தெரியும். ஆனால் நிரந்தரமாக மாற்றி வைப்பதே நல்லது. ஒருங்குறி மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு எச்சரிக்கை: நடுவில் வரும் நிஜ ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தாக மாற்றிக் குதறிவிடும், அவற்றைக் கையால் பிரிக்க வேண்டும். மூல ஃபைலின் நகல் மேல்தான் வேலை செய்ய வேண்டும்.

இதோடு விட்டிருக்கலாம். “அப்படியே பழைய டைப்ரைட்டர் முறையை விட்டுட்டு தமிழ் 99 கீபோர்டுக்கு மாறிடுங்கம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த அரை மணி நேரம் ஷூ டப்பாவை யாரும் தொடவில்லை.

முதலில் எழுந்தவர் தமிழாசிரியர் ஐயா, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். “விரல் தானா போற இடத்தை மாத்தச் சொல்றீங்களே, அம்பது வருஷப் பழக்கம்!” பின்வரிசையில் இருந்து ஒரு கல்லூரி மாணவி: “அங்கிள், ரெண்டுமே வேணாம். ‘அம்மா’ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வருது. யாரு இந்தக் காலத்துல கீபோர்டு கத்துக்குறாங்க?”

சரி, அளந்துவிடுவோம் என்று கரும்பலகைக்குப் போனேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியதுதான் தமிழ் 99. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் சேர்ந்து வந்தாலும் அப்படியே. ஆகவே ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ என நாலு தட்டு. ஆங்கில வழியில் ஆறு. ‘வணக்கம்’: இங்கே ஆறு, அங்கே எட்டு, மூன்று சுழி ணவுக்கு ஷிஃப்டையும் சேர்த்தால் ஒன்பது. நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் விதியை விசைப்பலகை தெரிந்து வைத்திருக்கிறது என்பதுதான் இதில் என்னை மயக்கியது. ‘மமதை’ மாதிரிச் சொற்களில் மட்டும் புள்ளி விழாமல் இருக்க நடுவில் ஒரு அ தட்ட வேண்டும். எத்தனை தடவை மமதை என்று எழுதப் போகிறோம்?

“தட்டு எண்ணிக்கை எதுக்கு? வாங்க, போட்டி போடலாம்” என்றாள் அந்தப் பெண். ஆசிரியர் ஐயா ஒரு பத்தி சொல்ல, நான் லேப்டாப்பில், அவள் ஃபோனில். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது: அவள் முடித்தபோது நான் கடைசி வரியின் ஆரம்பத்தில் இருந்தேன். மூன்று எழுத்து அடித்தவுடன் முழுச் சொல்லையும் ஃபோன் நீட்டிவிடுகிறது, அவள் தொட்டுக்கொண்டே போகிறாள். ஆசிரியர் ஃபோனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: “காலையில் பல்லி திறந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தனர்.” அறை முழுக்கச் சிரிப்பு. “பல்லி திறக்குமாம்மா?” அவளும் சிரித்துவிட்டாள். “அது ஃபோன் பண்ணின தப்பு அங்கிள்.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் கட்சி இருக்கிறது. ல, ள, ழ எது என்று நீ முடிவு செய்யாமல் ஃபோனிடம் விட்டால், அது அதிகம் பேர் எழுதுவதைத்தான் எடுத்துக் கொடுக்கும். தமிழ் 99இல் ள வேண்டும் என்றால் ள விசையைத் தொட்டே ஆக வேண்டும். நான் இதைச் சொன்னதும், அதுவரை பேசாமல் இருந்த திருவல்லிக்கேணி அம்மா சொன்னார்: “சார், நாங்க ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடிக்கிறோம். பழகுறதுக்கு ஒரு மாசம் வேகம் போனா, அந்த மாசத்து வாடகை யாரு குடுப்பா?” அதற்கு என்னிடம் விடை இல்லை. விண்டோஸின் மொழி அமைப்பிலேயே தமிழ் 99 இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் அரை மணி நேரம் மட்டும் பழகிப் பாருங்கள் என்றேன். “பாக்கலாம்” என்றார். சென்னையில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆசிரியர் ஐயா மட்டும் போகும்வரை சமாதானம் ஆகவில்லை.

தெரியாத நம்பரில் இருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. திறக்கலாமா?

பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது ஆப். நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும். டிராஃபிக் ஃபைன் என்ற பெயரிலும் வருகிறது. அழியுங்கள்.

க்யூஆர் ஸ்கேன் செய்தால் பரிசுப் பணம் வரும் என்கிறார்கள்...

மடிப்பாக்கம் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரகசிய விண்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

உங்கள் வீட்டுக் கணினியில் தெரியாது. இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்கும், ஆபீஸ் நெட்வொர்க் என்றால் ஆபீசுக்கும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியும்.

ஏசி ரிமோட் வேலை செய்யவில்லை.

பேட்டரி மாற்றுங்கள். அப்புறம் ஏசி மெக்கானிக்கைக் கேளுங்கள். இது கணினி கேள்வி நேரம்.

அம்மாவுக்கு ‘டெல்லி போலீஸ்’ வீடியோ கால் செய்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம் என்றார்கள். நல்லவேளை நான் வீட்டுக்குள் நுழைந்தேன். இப்படி ஒரு சட்டம் உண்டா?
(மகள், கீழ்க்கட்டளை)

கிடையாது. இந்தியாவில் வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. எந்த போலீசும், சிபிஐயும், நீதிபதியும், ‘விசாரணைக்காக’ உங்கள் சேமிப்பை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார்கள். பின்னால் தெரியும் அலுவலகம், காக்கிச் சட்டை, சீல் வைத்த தாள், எல்லாம் செட்.

இதில் அவர்கள் எதைக் குறி வைக்கிறார்கள் என்று பாருங்கள். ‘கேமராவை அணைக்காதே, அறையை விட்டுப் போகாதே, பிள்ளைகளிடம் சொல்லாதே.’ அம்மாவைத் தனியாக்குவதுதான் அவர்களுடைய தொழில்நுட்பம். மற்றதெல்லாம் சாதா ஃபோன். அதனால் வீட்டில் பெரியவர்களிடம் பயமுறுத்தும் பேச்சு எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் உடனே எனக்குக் கூப்பிடு. அம்மா ஏமாறப் பார்த்ததற்காக அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டார்.

பணம் போய்விட்டது என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது. பணம் கணக்கு கணக்காகத் தாவி ஓடுவதற்குள் நிறுத்தினால்தான் மிஞ்சும். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். நான் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

ஃபோன் ஸ்லோ.

எட்டாவது சீட்டு. மேலே பாருங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது நங்கநல்லூர் தம்பி கூப்பிட்டார். கேபிளில் 94, படுக்கையறையில் 11. ரௌட்டரை ஹாலுக்கு நகர்த்தியதும் படுக்கையறையில் 46 வருகிறதாம். மீன் தொட்டியை நகர்த்த மட்டும் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.